பழைய ஃபோர்-வீல் டிரைவ் பிக்கப் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து, இருபது வருடம் ஓடிய ஃபோர்-வீல் டிரைவ் பிக்கப்பைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எஞ்சின், ஏசி, பெயின்ட் பற்றி இதில் எதுவும் இல்லை. எஞ்சினின் சக்தி சக்கரம் வரை போகும் வழியில் இருப்பவை மட்டும்: கிளட்ச், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி), ஷாஃப்ட் (சக்தியைக் கொண்டுபோகும் சுழலும் தண்டு), டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் கியர் தொகுதி, சுருக்கமாக டிஃப்), ஹப் (சக்கரத்தின் மையப் பகுதி).

ஃபோர்-வீல் டிரைவ்னா எப்பவும் நாலு சக்கரமும் இழுக்குமா?

எல்லா வண்டியிலும் இல்லை. பழைய பிக்கப்களில் பெரும்பாலானவை பார்ட்-டைம் வகை. சாதாரணமாகப் பின் சக்கரம் மட்டும் இழுக்கும். நீங்கள் லிவரைப் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பூட்டிவிடும். ஃபுல்-டைம் வகையில் நான்கும் எப்போதும் இழுக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் வேக வித்தியாசத்தைச் சமாளிக்க நடுவில் இன்னொரு டிஃபரன்ஷியல் இருக்கும். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் அப்படிப்பட்டது. மிட்சுபிஷியின் சூப்பர் செலக்ட் போன்றவற்றில் இரண்டு விதமாகவும் ஓட்டலாம்.

பார்க்கப் போகும் வண்டி எந்த வகை என்பதை வீட்டிலேயே உறுதி செய்துகொண்டு போங்கள். ஒரு வகையில் கோளாறு என்று சொல்ல வேண்டியது இன்னொரு வகையில் இயல்பான நடத்தையாக இருக்கும்.

2ஹெச், 4ஹெச், என், 4எல்னு போட்டிருக்கே. எதை எப்ப போடணும்?

2ஹெச் (பின் சக்கரம் மட்டும்) தினசரி ஓட்டத்துக்கு. 4ஹெச் (நாலு சக்கரமும்) மண், சரளை, சேறு, பனி மாதிரி சக்கரம் கொஞ்சமாவது வழுக்கக்கூடிய தரைக்கு. 4எல் மெதுவாக, பலமாக இழுப்பதற்கு. பெரும்பாலான வண்டிகளில் இது வேகத்தை இரண்டிலிருந்து இரண்டே முக்கால் மடங்கு வரை குறைத்து, இழுவிசையை அதே அளவு கூட்டும். 4எல் போட வண்டியை நிறுத்தி அல்லது ஊர்ந்துகொண்டிருக்கும்போது, கியரை நியூட்ரலில் வைத்துத்தான் போட வேண்டும்.

'என்' என்பதை மட்டும் கவனமாகக் கையாளுங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. ஆட்டோமேட்டிக் 'பார்க்'கில் இருந்தாலும், மேனுவல் முதல் கியரில் இருந்தாலும், சரிவில் வண்டி உருண்டு போகும்.

பார்க்கப் போறப்ப முதல்ல எதைப் பார்க்கணும்?

சேசிஸ். டிரைவ்டிரெய்ன் (சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகங்கள்) பற்றிக் கேட்டால் சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) பற்றிச் சொல்கிறானே என்று தோன்றலாம். ஆனால் டிரான்ஸ்ஃபர் கேஸ், டிஃபரன்ஷியல், ஷாஃப்ட் எல்லாம் போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடியவை. லீஃப் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தில் சேசிஸ் துருப்பிடித்து உப்பியிருந்தால், மேலே எவ்வளவு நல்ல கியர்பாக்ஸ் இருந்தும் பயனில்லை. சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். துருப்பிடித்தது மொத்தென்று ஒலித்துத் தகடு தகடாக உதிரும். சேசிஸில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அந்த இடத்தில் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டுங்கள்.

அடுத்தது, வண்டி குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடேறிய கியர்பாக்ஸ் சில குறைகளை மறைக்கும், ஆறிய கியர்பாக்ஸ் வேறு சில குறைகளை மறைக்கும். ஆறிய நிலையில் ஆரம்பித்து, அரை மணி நேரமாவது ஓட்டி, சூட்டிலும் பார்த்தால்தான் இரண்டும் தெரியும். அடிப்பகுதியைப் புதிதாகக் கழுவி வைத்திருந்தால் ஓட்டி முடித்ததும் மறுபடி கீழே குனிந்து பாருங்கள். எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று அப்போது அதுவே காட்டிக்கொடுக்கும்.

அடியில எண்ணெய்ப் பிசுக்கு இருக்கு. பழைய வண்டின்னா இப்படித்தானே?

தூசி ஒட்டிய லேசான ஈரம் என்றால் ஆமாம், அப்படித்தான். சொட்டு தொங்கினால் இல்லை. டிஃபரன்ஷியலில் பினியன் (ஷாஃப்ட் சுழற்றும் சிறிய பல்சக்கரம்) சீல் கசிந்தால் ஷாஃப்ட் சுழலும்போது மேலே தரைத்தகட்டில் ஒரு கோடு மாதிரித் தெறித்திருக்கும். பின் ஆக்சிலின் முனை சீல் கசிந்தால் பிரேக் டிரம்முக்குள் எண்ணெய் போய், சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பாக நனைந்திருக்கும். சீல் விலை குறைவுதான். ஆனால் சீல் ஏன் போனது என்று கேளுங்கள். பேரிங் ஆடினால் புதுச் சீலும் சில மாதத்தில் போகும். பினியன் அருகே ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் அந்த ஆட்டம் கையிலேயே தெரியும்.

முன்பக்கம் முழு ஆக்சில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே இரும்புக் கூடு) உள்ள டொயோட்டா போன்ற வண்டிகளில் சக்கரத்துக்குப் பின்னால் வழவழப்பான ஒரு பெரிய உருண்டை இருக்கும். அதன்மேல் மெல்லிய கிரீஸ் படலம் இருந்தால் நல்லது. கறுப்புக் குழம்பு வழிந்து சக்கரம் வரை நனைத்திருந்தால் உள் சீல் போய், டிஃபரன்ஷியல் எண்ணெய் வந்து கிரீஸைக் கரைக்கிறது. சுத்தம் செய்து சீல் போட முடியும், ஆனால் ஒரு நாள் முழுக்க அழுக்கு வேலை.

கசிவே தெரியாமல் எண்ணெய் தீர்ந்துபோகும் வகையும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸின் 2000-ஐ ஒட்டிய பிக்கப்களில் வந்த என்பி246 டிரான்ஸ்ஃபர் கேஸில், உள்ளிருக்கும் எண்ணெய்ப் பம்ப் மெக்னீசியக் கூட்டை உராய்ந்து மேல்பக்கமாகச் சின்ன ஓட்டை போட்டுவிடும். ஓட்டை மேலே இருப்பதால் நிற்கும்போது சொட்டாது. ஓடும்போது மட்டும் வெளியேறும். தரை காய்ந்திருக்கிறது என்பதால் உள்ளே எண்ணெய் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எண்ணெயைப் பார்த்து என்ன தெரிஞ்சுக்க முடியும்?

நிறையவே. விற்பவர் சம்மதித்தால் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃப், பின் டிஃப் மூன்றிலும் மேலே எண்ணெய் ஊற்றும் போல்ட்டைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் எண்ணெய் அந்த ஓட்டையின் கீழ் விளிம்பு வரை இருக்க வேண்டும். தேன் நிறமோ கறுப்போ பரவாயில்லை. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே காற்று சுருங்கும். மேலே இருக்கும் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்படி உறிஞ்சி, மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பேரிங்கெல்லாம் துருப்புள்ளி விழுந்திருக்கும்.

எண்ணெயை வடிக்கும் கீழ் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் மைபோன்ற படிவு இருப்பது சாதாரணத் தேய்மானம். விரலில் நெருடும் செதில், ஊசி, பல் துண்டு கிடைத்தால் சாதாரணம் இல்லை. ஒரு விஷயம்: எப்போதும் மேல் போல்ட்டை முதலில் திறந்த பிறகுதான் கீழ் போல்ட்டைத் தொட வேண்டும். எண்ணெயை வடித்துவிட்டு, மேல் போல்ட் துருப்பிடித்துச் சுழலவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும்.

ஃபோர்-வீல் லைட் எரியுது. அப்ப எல்லாம் சரிதானே?

லைட் எரிந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸிலோ முன் ஆக்சிலிலோ இருக்கும் சுவிட்ச் வேலை செய்கிறது, அவ்வளவுதான். முன் ஷாஃப்ட் சுழன்றும் முன் சக்கரம் இழுக்காமல் இருக்கலாம், ஏனென்றால் நடுவில் இன்னொரு இணைப்பு இருக்கிறது. சில வண்டிகளில் சக்கர மையத்தில் கையால் திருப்பும் லாக்கிங் ஹப். சிலவற்றில் தானாகப் பூட்டிக்கொள்ளும் ஹப். ஜிம்னி போன்றவற்றில் வாக்குவத்தில் இயங்குவது. வாக்குவம் ரப்பர் குழாய் ஒன்று வெடித்திருந்தால் போதும், லைட் எரிந்தும் இழுவை இருக்காது. இந்த மாதிரி குழாய்க் கோளாறுக்காக மொத்த ஃபோர்-வீலும் போய்விட்டது என்று மலிவாக விற்கப்படும் வண்டிகளும் இருக்கின்றன. அது உங்களுக்கு லாபம்.

சோதிக்க எளிய வழி: சரளையிலோ மண்ணிலோ 4ஹெச் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள். பார்ட்-டைம் வண்டியில் முன் சக்கரம் உண்மையில் பூட்டியிருந்தால் வண்டி திக்கித் திக்கிப் போகும், ஸ்டியரிங் கனக்கும். 2ஹெச் போட்டது போலவே வழுக்கிக்கொண்டு திரும்பினால் முன்பக்கம் சும்மா உருள்கிறது. இன்னொருவர் வெளியே நின்று, நீங்கள் வண்டியைக் கிளப்பும்போது முன் சக்கரம் மண்ணைப் பறிக்கிறதா என்றும் பார்க்கலாம். ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு ஃபோர்-வீல் போட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம். தரையைத் தொடும் சக்கரம் இழுத்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து குதிக்கும்.

தார் ரோட்டுல ஃபோர்-வீல் போட்டேன், திரும்பறப்ப இழுத்துப் பிடிச்சுது. அப்புறம் லிவரும் வெளிய வரல. உடைஞ்சிடுச்சா?

பார்ட்-டைம் வண்டி என்றால் அநேகமாக உடையவில்லை. திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் போகின்றன. இரண்டு ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டியிருப்பதால் அந்த வித்தியாசம் போக இடமில்லை. காய்ந்த தாரில் டயரும் வழுக்காது. ஆகவே ஷாஃப்டுகள் முறுக்கேறி நிற்கின்றன. நேராக ஸ்டியரிங்கைப் பிடித்துச் சில மீட்டர் பின்னால் போங்கள், முறுக்கு விட்டு லிவர் வந்துவிடும்.

ஃபுல்-டைம் வண்டியில், நடு டிஃபரன்ஷியலைப் பூட்டாமலேயே இப்படி நடந்தால் கதை வேறு. நடு டிஃபரன்ஷியலோ விஸ்கஸ் கப்ளிங்கோ (கெட்டித் திரவத்தால் முன்னையும் பின்னையும் இணைக்கும் பாகம்) இறுகிவிட்டது. அல்லது நான்கு டயரும் ஒரே அளவில் இல்லை. இரண்டாவதை முதலில் பாருங்கள், அதற்குக் காசு செலவில்லை.

முன்னாடி பின்னாடி கியர் மாத்தறப்ப 'டங்'குனு ஒரு அடி கேக்குது. இது எதுல?

ஷாஃப்ட் முனையில் இருக்கும் கிராஸ் ஜாயின்ட்தான் (ஷாஃப்ட் சாய்வாக நின்றும் சுழல விடும் சிலுவை வடிவ இணைப்பு) முதல் சந்தேகம். கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஷாஃப்டைக் கையால் இப்படியும் அப்படியும் திருகுங்கள். ஜாயின்ட்டின் ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் அது போய்விட்டது. மூடியைச் சுற்றித் துருநிறப் பொடி இருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்து ஊசி பேரிங் அரைபடுகிறது. மெதுவாக ஓடும்போது கீச்சுக்கீச்சென்று சக்கரத்தோடு சேர்ந்து கேட்பதும் இதுதான். வண்டி நிற்கும் நேரத்தில் மட்டும் ஒரு அடி கேட்டால் ஷாஃப்டின் நீளும் பகுதியில் கிரீஸ் இல்லாமல் இருக்கலாம்; கிரீஸ் அடித்தாலே பல நேரம் போய்விடும்.

ஷாஃப்டில் ஆட்டமே இல்லை, ஆனால் அதைத் திருகும்போது சக்கரம் அசைவதற்குள் நிறையத் திரும்புகிறது என்றால் இடைவெளி டிஃபரன்ஷியலுக்குள் இருக்கிறது. பழைய வண்டியில் கொஞ்சம் இருக்கும். கிரவுன் (பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரம்) பல் தேய்ந்ததா, ஆக்சில் பல் தேய்ந்ததா, உள்ளே சிறு கியர்களைத் தாங்கும் தண்டு தேய்ந்ததா என்பது திறந்தால்தான் தெரியும்.

ஓடறப்ப ஊளைச் சத்தம் வருது. கியர்பாக்ஸா, டிஃபா, டயரா? எப்படிக் கண்டுபிடிக்கறது?

எங்கிருந்து கேட்கிறது என்று காதைத் தீட்டாதீர்கள். இரும்பு வழியாகச் சத்தம் எங்கெங்கோ பயணப்படும். எப்போது மாறுகிறது என்று கவனியுங்கள்.

ஒரே வேகத்தில் கியரை மட்டும் மாற்றுங்கள். எஞ்சின் சுழற்சியோடு சத்தம் மாறினால் கியர்பாக்ஸ் பக்கம். வண்டி வேகத்தோடு மட்டும் மாறினால் அதற்குப் பின்னால் இருப்பவை. மேனுவலில் வண்டி நிற்கும்போது, நியூட்ரலில் கிளட்ச்சை விட்டால் உறுமல், மிதித்தால் நின்றுபோகிறது என்றால் கியர்பாக்ஸின் முன் பேரிங். மிதித்தால்தான் சத்தம் என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். கியர்பாக்ஸை இறக்கும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் முன்னதற்குப் பிறகு கியர்பாக்ஸையும் பிரிக்க வேண்டும்.

வண்டி வேகத்தோடு போகும் சத்தம் என்றால் இன்னும் நான்கு சோதனை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளை, விட்டால் அமைதி (அல்லது நேர்மாறாக) என்றால் கிரவுன்-பினியன் பற்கள் சரியாகப் பொருந்தவில்லை. யாரோ முன்பே பிரித்துப் பூட்டிய டிஃபாக இருக்க நல்ல வாய்ப்பு. மிதித்தாலும் விட்டாலும் ஒரே உறுமல் என்றால் பேரிங். காலியான சாலையில் லேசாக இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வளைத்தால் கூடி, மறுபக்கம் குறைந்தால் சக்கர பேரிங். சாலையின் மேற்பரப்பு மாறும்போது சத்தமும் மாறினால் டயர்தான், நிம்மதி. 4எல்லில் மட்டும் வரும் சத்தம் டிரான்ஸ்ஃபர் கேஸின் குறைவேகக் கியர்கள். சில வண்டிகளில் அங்கே கொஞ்சம் ஊளை பிறவியிலேயே உண்டு.

இந்தச் சோதனையைப் பொய்யாக்க ஒரு பழைய தந்திரம் உண்டு: கெட்டியான எண்ணெயை ஊற்றிச் சத்தத்தை அடக்குவது. மேலே எண்ணெய் பற்றிய கேள்வியில் சொன்னபடி எண்ணெயைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்துவிடும். பசைபோல நூலிழுத்தால் கேள்வி கேளுங்கள்.

ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா முன்னாடி கடக் கடக்னு வருது.

சிவி ஜாயின்ட் (சக்கரம் திரும்பியிருக்கும்போதும் அதற்குச் சக்தியைக் கொண்டுபோகும் இணைப்பு). ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போயிருக்கும். சக்கரத்தின் உள்பக்கம் கறுப்புத் தெறிப்பு இருக்கிறதா பாருங்கள். உறை மட்டும் கிழிந்து, இன்னும் சத்தம் வரவில்லை என்றால் காப்பாற்றலாம். சத்தம் வந்தபின் உறை மாற்றிப் பயனில்லை.

ஃபோர்-வீல் போட்டு ஏத்தத்துல மிதிச்சா எதோ உடையற மாதிரி படபடன்னு அடிக்குது.

நிறுத்துங்கள், மறுபடி மிதிக்க வேண்டாம். நிறைய டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் முன் ஷாஃப்டுக்குச் சக்தி போவது அகலமான ஒரு சங்கிலி வழியாக. சங்கிலி நீண்டுவிட்டால் பாரம் ஏறும்போது பல் தாண்டிக் குதிக்கும். லேசாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் ஃபோர்-வீலில் ஒரு மண் ஏற்றமாவது ஏறிப் பார்க்கச் சொல்கிறேன். சங்கிலியும் பல்சக்கரமும் மாற்றக்கூடியவை, ஆனால் தாண்டிய சங்கிலியோடு நாள் கணக்கில் ஓட்டியிருந்தால் கூடும் உள்பக்கம் அடி வாங்கியிருக்கும். முழுக்கக் கியரால் இயங்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இந்த வியாதி இல்லை. அங்கே இதே சத்தம் ஹப் சரியாகப் பூட்டாததால் வரலாம்.

லிவர் நகரவே மாட்டேங்குது. பட்டன் வச்ச வண்டில லைட் மட்டும் மினுக்குது. வாங்கலாமா?

பயன்படுத்தாமலே விட்ட வண்டி என்றால் இணைப்புக் கம்பிகள் துருப்பிடித்திருப்பதுதான் பெரும்பாலும் காரணம். பட்டன் வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸின் மேல் சிறிய மோட்டார் ஒன்று இருக்கும். அதுவோ அதன் நிலையைச் சொல்லும் சென்சாரோ போயிருக்கும். இவை வெளியே இருப்பவை, கேஸைப் பிரிக்காமல் சரிசெய்யலாம். ஆனால் 4எல் விழுந்து, இறக்கத்தில் காலை எடுத்தவுடன் தானாக வெளியே குதிக்கிறது என்றால் உள்ளே ஃபோர்க்கோ (கியரை நகர்த்தும் கவை) பற்களோ தேய்ந்துவிட்டன. அது பிரித்துச் செய்யும் வேலை.

ஆட்டோமேட்டிக்கா இருந்தா தனியா என்ன பார்க்கணும்?

குச்சியை உருவி எண்ணெயை முகர்ந்து பாருங்கள். சிவப்பு நல்லது, பழுப்பாகிக் கருகிய வாசனை வந்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. ஆறிய நிலையில் 'டி' போட்டு இரண்டு நொடிக்குமேல் யோசித்தால், அல்லது கியர் மாறும் இடத்தில் எஞ்சின் மட்டும் உறுமி வேகம் ஏறாவிட்டால், விலகிவிடுவது நல்லது. இளஞ்சிவப்பில் நுரைத்த குழம்பாக இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் உடைந்து தண்ணீர் கலந்திருக்கிறது. அந்தக் கியர்பாக்ஸுக்கு முழு வேலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை உசத்தி, பெரிய டயர் போட்டிருக்காங்க. நல்லதுதானே?

பார்க்க நன்றாகத்தான் இருக்கும். உயர்த்தினால் ஷாஃப்ட் நிற்கும் கோணம் கூடி, கிராஸ் ஜாயின்ட் சீக்கிரம் போகும், குறிப்பிட்ட வேகத்தில் அதிர்வு வரும். பெரிய டயருக்கு ஈடுகட்ட டிஃபரன்ஷியல் விகிதத்தை (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று என்ற கணக்கு) மாற்றியிருந்தால் முன்னும் பின்னும் ஒரே விகிதமாக மாற்றினார்களா என்பதுதான் முக்கியம். ஒன்றை மட்டும் மாற்றிய வண்டி 2ஹெச்சில் பூனைபோல ஓடும். 4ஹெச் போட்டால் நேர்ச் சாலையிலேயே முறுக்கேறி எதையாவது உடைக்கும்.

எண்ணிப் பார்க்கலாம். டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் ஓடாமல், ஆக்சிலை ஸ்டாண்டில் தூக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள் (நியூட்ரல் பற்றி மேலே சொன்னது ஞாபகம் இருக்கட்டும்). ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு. ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஷாஃப்ட் நான்குக்குக் கொஞ்சம் கூடச் சுற்றினால் விகிதம் 4.1 அளவில். ஹப்பைப் பூட்டி முன்னாலும் இதையே செய்து ஒப்பிடுங்கள். லிமிடெட்-ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃப்) உள்ள ஆக்சிலில் ஒரு சக்கரத்தைப் பிடிக்க முடியாது. இரண்டையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றினால் அதே கணக்கு.

முன் ஷாஃப்டே இல்ல. "மைலேஜுக்காகக் கழட்டினேன், பின்னாடி கிடக்கு"ங்கறார்.

மைலேஜுக்காகவும் கழற்றுவார்கள், அதிர்வையோ முன் டிஃப் சத்தத்தையோ மறைக்கவும் கழற்றுவார்கள். உங்கள் முன்னால் மாட்டச் சொல்லுங்கள். எட்டு போல்ட், அரை மணி வேலை. மாட்ட மறுத்தால் முன்பக்கம் மொத்தமும் கெட்டது என்ற கணக்கில் விலை பேசுங்கள். ஃபுல்-டைம் வண்டியில் ஒரு ஷாஃப்ட் இல்லாமல் ஓடுகிறது என்றால் நடு டிஃபரன்ஷியலைப் பூட்டித்தான் ஓட்டுகிறார்கள். அப்போது ஏன் என்ற கேள்வி இன்னும் பெரிதாகிறது.

"சின்ன கிராஸ் ஜாயின்ட்தான், மாத்தினா சரியாயிடும்"னு விக்கறவர் சொல்றார். நம்பலாமா?

அவ்வளவு சின்ன வேலை என்றால் மாற்றிவிட்டே அதிக விலைக்கு விற்றிருக்கலாமே. பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. அவருக்கும் யாரோ மெக்கானிக் கேட்டுவிட்டுச் சொன்னதாக இருக்கும். விலை பேசும்போது விற்பவர் வைத்த பெயரை வைத்துப் பேசாதீர்கள். அந்தச் சத்தத்துக்கு இருக்கக்கூடிய காரணங்களில் மிக அதிகச் செலவு பிடிப்பது எதுவோ, அதற்கு உதிரிபாகமும் கூலியும் விசாரித்து, அதைக் கழித்துப் பேசுங்கள். ஒப்புக்கொண்டால் வாங்கலாம். கடைசியில் கிராஸ் ஜாயின்ட்டாகவே இருந்துவிட்டால் மிச்சம் உங்களுடையது.

ஒரே ஒரு கோளாறு, தெளிவாகத் தெரிகிறது, மறைக்கவில்லை என்றால் அந்த வண்டியை நான் விரும்புவேன். சத்தமே இல்லாமல், எல்லா எண்ணெயும் நேற்றுதான் மாற்றப்பட்ட வண்டியைவிட அது மேல்.

பிரிச்ச வண்டிலேர்ந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் கிடைக்குது. அப்படியே தூக்கி மாட்டிடலாமா?

மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. கியர்பாக்ஸோடு சேரும் தண்டின் பல் எண்ணிக்கை, முன் ஷாஃப்ட் இடப்பக்கமா வலப்பக்கமா, ஸ்பீடோமீட்டர் கேபிளா சென்சாரா, மொத்த நீளம் இவை நான்கும் ஒத்துப்போக வேண்டும். நீளம் மாறினால் ஷாஃப்டும் மாற வேண்டும். மேல் போல்ட் வழியாக எண்ணெயைப் பார்த்துவிட்டு, தண்டைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். சேற்றில் கிடந்தது வேண்டாம்.

வாங்கிட்டேன். முதல்ல என்ன செய்யணும்?

எல்லா எண்ணெயையும் மாற்றுங்கள், ஆனால் ஒரே டப்பாவிலிருந்து எல்லாவற்றுக்கும் ஊற்றாதீர்கள். டிஃபரன்ஷியலுக்குப் பெரும்பாலும் ஜிஎல்-5 வகை (கியர் எண்ணெய்த் தரங்களில் ஒன்று). பல பழைய மேனுவல் கியர்பாக்ஸ்களுக்கு ஜிஎல்-4, ஏனென்றால் சில ஜிஎல்-5 எண்ணெய்கள் உள்ளிருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் சிலவற்றில் கியர் எண்ணெய், சிலவற்றில் ஆட்டோமேட்டிக் எண்ணெய். லிமிடெட்-ஸ்லிப் டிஃப் இருந்தால் அதற்கான கலவை சேர்க்காவிட்டால் திருப்பங்களில் கிர்ரென்று அதிரும். வண்டியின் கையேட்டில் இருப்பதே முடிவு.

மூச்சுக்குழாய்களை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றிலும் பழைய கிரீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். அப்புறம், ஃபோர்-வீலைச் சும்மா விடாதீர்கள். டொயோட்டா கையேடுகள் மாதம் 16 கி.மீ.யாவது முன் இழுவையைப் போட்டு ஓட்டச் சொல்கின்றன. முன்பக்கப் பாகங்களில் எண்ணெய் பரவ அது வேண்டும். ஆயிரம் கி.மீ. ஓடியதும் டிஃபரன்ஷியல்களின் காந்தப் போல்ட்டை மறுபடி கழற்றிப் பாருங்கள். முதல் முறை துடைத்து மாட்டியதால், இப்போது அதில் ஒட்டியிருப்பது முழுக்க உங்கள் ஓட்டத்தில் தேய்ந்தது.